ஏச்சு நேரம்

பூவாணிக்குளத்துக் குழு இன்னும் பதினொரு நாளில் உடைந்துவிடும் என்று நாடி காட்டியது.

மூன்று முறை சரிபார்த்தேன். எண் மாறவில்லை.

"என்ன ஜெர்லின், மொகம் வாடிருக்கு?" என்றார் சாகுல் அண்ணன். எங்கள் வேனை ஓட்டுபவர். வேனைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு மாடியேறி வந்திருந்தார்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"கொம்பையா அண்ணாச்சி குழுவா? நல்லாத்தான வேல பாக்காவ."

"கூட்டத்துல ஒரே சண்டையா இருக்குண்ணே."

"பெட்டிக்கு எப்படித் தெரியும்? பேசுறது பூராத்தையும் கேக்குதா?"

"வார்த்தைய எடுக்காது. யார் குரல் ஏறுது, யார் யாரை மறிக்காங்க, நடுவுல எவ்வளவு நேரம் சும்மா இருக்காங்க, அவ்வளவுதான். இதுக்கு முன்னால உடைஞ்சுபோன நானூறு சங்கங்களோட கூட்டப் பதிவு எங்கிட்ட இருக்கு. அதோட ஒத்துப் பாக்கும்."

"டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி."

"ஆமாண்ணே."

"நோயாளிகிட்டப் போயி, ஒனக்குப் பதினொரு நாள்தான்னு சொல்லுவியா?"

திரையை மறுபடி என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் அறை. மூன்று பேர். ஆவுடைநாயகி அக்கா பத்து வருடம் முன்பு தொடங்கிய வலை இது. குளம் காப்பவர்கள், ஓடை தூர்வாருபவர்கள், பனை நடுபவர்கள், பறவை எண்ணுபவர்கள் என்று அறுபத்திரண்டு குழுக்கள். ஒரு குழுவிடம் ஆகாயத்தாமரை வெட்டும் படகு இருக்கும், இன்னொரு குழுவிடம் ஆள் இருக்கும். அதை இங்கேயும் இவர்களை அங்கேயும் சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

நான் சேர்ந்த முதல் வருடம் மஞ்சணத்திக்குளத்துக் குழு கலைந்தது. எங்களுக்குத் தெரியவந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. "எல்லா உதவிக்கும் ரொம்ப நன்றி" என்பதுதான் அவர்கள் கடைசியாக அனுப்பிய செய்தி. நான் அதற்குக் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன். பிறகு போய்ப் பார்த்தபோது குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. கரை முதல் கரை வரை ஆகாயத்தாமரை, ஊதா பூவோடு.

இன்னொரு குழு அப்படிப் போகக் கூடாது என்றுதான் நாடியைச் செய்தேன். சோப்புக்கட்டி அளவுப் பெட்டி. போன மாதம்தான் ஒவ்வொரு குழுவின் கூட்டத்திலும் ஒன்று வைத்தோம். பதினைந்து நாளுக்குக் கீழே இறங்கினால், பக்கத்தில் இருக்கும் மூன்று குழுக்களுக்குத் தானாகவே செய்தி போகும்: "உங்கள் பக்கத்துக் குழு சோர்ந்திருக்கிறது, இன்னும் இத்தனை நாள்தான் தாங்கும். போய்ப் பாருங்கள்." தவறு என்று தோன்றினால் பத்து நிமிடத்துக்குள் நாங்கள் நிறுத்தலாம்.

பதினொரு நாள் என்று வந்ததை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது.

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். செய்தியை நாங்கள் நிறுத்தவில்லை.

எங்கள் அறையில் இப்போதெல்லாம் யாரும் குரல் உயர்த்துவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அக்காவின் மேசையில், சார்ஜரில் செருகியபடி, நான் முதன்முதலில் செய்த பெட்டி கிடந்தது. பூச்சியம் எண். தாள் பறக்காமலிருக்க அவர் அதைத்தான் மேலே வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சாகுல் அண்ணனும் பூவாணிக்குளம் போனோம். போன மழையில் நடுமடைக்குப் பக்கத்தில் கரை இருபதடி உடைந்திருந்தது. ஐப்பசி மழைக்கு முன் அதை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அந்த வருடம் குளத்தில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் இல்லாவிட்டால் நாரையும் இல்லை, கீழே வயலும் இல்லை. கரை ஒடுக்கமானது. மேலே இயந்திரம் ஏறாது. குழியில் வெட்டும் களிமண்ணை ஆள்தான் சுமக்க வேண்டும்.

மருதமரத்தடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தூரத்திலேயே கேட்டது.

"ஓய் அண்ணாச்சி, கம்பத்துல ஏறி ஏறி ஒமக்கு மூள காஞ்சு போச்சா? களிமண்ணு கொண்டாரும்னா சவுட்டு மண்ண அள்ளிப் போட்டுருக்கீரு. கெண்ட மீனு வால ஆட்டுனாலே கரை போயிரும்!"

பேசியது தங்கபுஷ்பம். முப்பத்தைந்து வயது. சொந்தமாக ஜேசிபி வைத்து ஓட்டுகிறவர். எதிரே நின்றவர் கொம்பையா அண்ணாச்சி, மின்வாரிய லைன்மேன், குழுவின் செயலாளர்.

"ஏட்டி, நீ தோண்டி வச்சிருக்க குழியப் பாத்தியா? ஆன வுழுந்தாலும் அக்கம்பக்கத்துல தெரியாது. நடுக்குளத்துல தோண்டச் சொல்லி ஒனக்கு எவன் சொன்னான்?"

"நீருதான் சொன்னீரு!"

"நான் சொன்னா செஞ்சிருவியா?"

முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் கைப்பேசியில் நாடி பத்து என்று இறங்கியது.

அப்போது இரண்டு லோடு ஆட்டோக்கள் வந்து நின்றன. பக்கத்துக் குழுக்களிலிருந்து நாற்பது பேர். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள். பெண்கள் கையில் ரொட்டி பாக்கெட்டும் ஆப்பிளும். ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரியே வந்தார்கள். முன்னால் வந்தவர் லிங்கதுரை. பக்கத்துக் குளத்துக் குழுத் தலைவர். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கொம்பையா அண்ணாச்சியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மனச விட்டுறாதிய அண்ணாச்சி. எல்லாருக்கும் வாறதுதான்."

"என்ன வாறது?"

"இந்த மாதிரி..."

"எந்த மாதிரி? யாருவே செத்துட்டா?"

லிங்கதுரை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு அம்மாதான் சொன்னார்: "ஒங்க குழு இன்னும் பதினோரு நாள்தான் இருக்குமாம். பெட்டி சொல்லிருக்கு. இந்த ஆப்பிளச் சாப்பிடுங்க."

எல்லோரும் மரத்தில் கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார்கள். கொம்பையா அண்ணாச்சி கையில் ஆப்பிளோடு நின்றார்.

அதன்பின் கூட்டம் மெதுவான குரலில் நடந்து முடிந்தது. அன்று சாயங்காலம் நாடி நாற்பதுக்கு ஏறியது. புதன்கிழமை கூட்டத்துக்குப் பிறகு முந்நூற்று இருபது. நான் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். அக்காகூடச் சிரித்தார்.

வியாழக்கிழமை சாகுல் அண்ணன் மண்வெட்டி கொடுத்துவிட்டு வந்தார். சாவியை ஆணியில் மாட்டினார். போகாமல் அங்கேயே நின்றார்.

"ஒன்பது பேருதாம்மா நிக்காவ" என்றார். "உடைப்புல ஒரு கூடை மண்ணுகூட வுழல."

மழைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அடுத்த ஞாயிறு போனேன். ஒன்பது பேர் ஏழாகியிருந்தார்கள். ஒருவருக்கொருவர் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

"இல்லம்மா, நீங்க சொன்னாச் சரிதான்."

"ஒங்க இஷ்டம்."

குழி மறுபடியும் தவறான இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு வேறெங்கோ பார்த்தார்கள். நாடி முந்நூற்று ஐம்பது காட்டியது.

தங்கபுஷ்பம் ஜேசிபியின் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க்கா யாரும் ஒண்ணும் பேசல?"

"ஒன் பெட்டி கேட்டுக்கிட்டுல்லா இருக்கு. நாங்க ஏசுனா உடஞ்சிருவோமாமே."

"ஏசாம இருந்தா நல்லதுதான?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பி.எஸ்ஸியா, எம்.எஸ்ஸியா?"

"எம்.எஸ்ஸி."

"அதான்" என்றார். பிறகு படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "மொத வருசம் நாங்களும் மருவாதியாத்தான் இருந்தோம். இசக்கிப்பாண்டின்னு ஒருத்தன். மூணு வாரம் எல்லாத்துக்கும் சரி சரின்னான். நாலாவது வாரம் ஆளு வரல. அவன் பின்னால ஆறு பேரு. என்ன கோவம்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் அண்ணாச்சி ஒரு வழி சொன்னாரு. ஏச்சு நேரம்."

"அப்படின்னா?"

"கூட்டத்துல மொத அரைமணி நேரம். யாரும் யாரையும் ஏசலாம். வேலையப் பத்தி மட்டுந்தான். வீடு, சாதி, பொறப்பு, ஒண்ணும் வரக் கூடாது. முடிஞ்சதும் மடைத் தண்ணில கால அலம்பிட்டு மம்பட்டிய எடுத்துரணும். வீட்டுக்குக் கொண்டு போவக் கூடாது. ஒருத்தரையும் ஏசாம கம்முனு இருக்கவுகதான் எல்லாருக்கும் டீ போடணும்."

"டீ எதுக்கு?"

"கம்முனு இருக்கவன கண்காணிக்கணும்லா. அடுப்புப் பக்கத்துல நின்னு ரெண்டு பேரு பேச்சுக் கொடுப்பாவ. என்னடே மனசுலன்னு."

என் நானூறு பதிவுகளை நினைத்துப் பார்த்தேன். எல்லாம் நகரத்துச் சங்கங்கள். திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டவை. அங்கே குரல் உயர்ந்தால் முடிந்தது என்று அர்த்தம். கூட்டம் முடிந்ததும் கால் அலம்ப அங்கே மடை கிடையாது.

உடையாத குழு ஒன்றை உடையும் என்று சொல்லி, நான் உடைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் என் பெயரைக் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று தலையை மட்டும் ஆட்டுவேன். அன்று மருதமரத்தடிக்கு நடந்தேன். பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. அதற்கு நேரமானதால் எல்லோரும் என்னைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

"பெட்டி தப்பு" என்றேன்.

"கேக்கல!"

"பெட்டி சொன்னது தப்பு."

"சத்தமா, தாயி!"

"பெட்டி தப்பு! நான்தான் தப்பாச் செஞ்சிட்டேன்!"

வயலில் நின்ற கொக்கு ஒன்று பறந்தது.

"அப்போ எங்களுக்கு எத்தன நாளு?" என்று கேட்டார் கொம்பையா அண்ணாச்சி.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

அவர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். தங்கபுஷ்பம் படியிலிருந்து குதித்தார்.

"அப்போ மொத ஏச்சு ஒனக்குத்தாண்ட்டி! ஏ கோட்டிக்காரி, ஒரு வார்த்த எங்ககிட்டக் கேட்டியா? ஆப்பிளக் கொடுத்து அனுப்புதா, ஆப்பிளு! எங்க மாமியா வீட்டுக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரிச்சிருக்காவ, தெரியுமா?"

ஏழு பேரும் முறை வைத்து ஏசினார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் என்று எனக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது. அரைமணி முடிந்ததும் அண்ணாச்சி கைப்பேசியை எடுத்தார். வராத இருபத்து நான்கு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏசினார். மத்தியானத்துக்குள் பத்தொன்பது பேர் பதில் ஏச்சோடு வந்துசேர்ந்தார்கள். மற்றவர்கள் மறுநாள். லிங்கதுரையின் ஆட்களும் வந்தார்கள், இந்தத் தடவை ஆப்பிள் இல்லாமல், மண்சட்டியோடு.

மழைக்கு இரண்டு நாள் இருக்கும்போது உடைப்பு அடைபட்டது. கார்த்திகையில் குளம் நிறைந்தது. மார்கழியில் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து மருதமரத்தில் கூடு கட்டின. பெட்டியை அங்கே திரும்பக் கட்ட இடமில்லை.

நாடியை முதலிலிருந்து செய்தேன். ஒவ்வொரு குழுவிடமும் போய் ஒன்றே ஒன்று கேட்டேன்: நீங்கள் நன்றாக இருக்கும்போது எப்படிப் பேசுவீர்கள்? ஒரு குழு, நாங்கள் பாடுவோம் என்றது. ஒரு குழு, சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவோம் என்றது. பறவை எண்ணுபவர்கள் பேசவே மாட்டார்களாம். அவர்களுடைய நல்ல கூட்டத்தில் ஐந்து மணி நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. இப்போது நாடி யாரையும் ஊருக்கெல்லாம் பொதுவான அளவுகோலால் அளப்பதில்லை. அந்தக் குழுவை அதன் சொந்த நல்ல நாளோடு மட்டும் ஒத்துப் பார்க்கிறது.

தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, அதை முதன்முறையாக முழுப் பதிவிலும் ஓட்டினேன்.

அறுபத்திரண்டில் இரண்டு சிவப்பு. அந்த இரண்டுக்கும் உதவி போனது. பட்டியலின் அடியில் பெயர் இல்லாமல் ஒரு வரி இருந்தது. பூச்சியம் எண். ஒன்பது நாள்.

பழுதான பெட்டி என்று நினைத்தேன். பிறகு அக்காவின் மேசையைப் பார்த்தேன். தாள்களின் மேல் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வரைபடத்தைத் திறந்தேன். மூன்று வருடம் முன்பு மூன்று குரல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போயின. வேன் எந்த வழியில் போகவேண்டும் என்று நாங்கள் சண்டை போட்ட நாட்கள் அவை. அந்த முதல் பதிவுகளையே எங்கள் நல்ல நாளாக நாடி எடுத்திருந்தது. நான்கூடக் கத்தியிருக்கிறேன். பிறகு குரல்கள் விலகின. கடந்த ஆறு மாதம் ஒரே மாதிரி மூன்று சின்ன மேடுகள்தான். நாடி வார்த்தைகளை எடுப்பதில்லை. ஆனால் அவை என்ன என்று எனக்குத் தெரியும். சரிம்மா. ஆகட்டும்மா. பரவாயில்லக்கா.

என் பையில் ஒரு கடிதம் இருந்தது. பெங்களூரில் வேலை. இரண்டு வாரத்தில் சேரவேண்டும். சொன்னால் அக்கா சங்கடப்படுவார் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். மற்ற இருவரும் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

திரையில் கேள்வி வந்தது. பக்கத்து மூன்று குழுக்களுக்குச் செய்தி போகப்போகிறது. நிறுத்தவா? பத்து நிமிடம்.

"டீ வேணுமாம்மா?" என்றார் அக்கா.

"பரவாயில்லக்கா."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிடமும் அப்படியே இருந்தேன்.

பதினொரு மணிக்குப் படியில் காலடிச் சத்தம். முதலில் கொம்பையா அண்ணாச்சி. பின்னால் தங்கபுஷ்பம். கடைசியில் லிங்கதுரை, கையில் ரொட்டி பாக்கெட்டும் ஆப்பிளும்.

"வாங்க வாங்க" என்று எழுந்தார் அக்கா. "யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"ஒங்க மூணு பேருக்குந்தான்" என்றார் தங்கபுஷ்பம்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரைமணி நேரம். ஆரம்பிங்க."

சைக்கிள் கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சாகுல் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"வேன் பின்கதவு எட்டு மாசமாப் பூட்ட மாட்டேங்கு. கயிறு கட்டி ஓட்டுதேன். என்னன்னு ஒருத்தராவது கேட்டியளா?"

"நீங்க சொன்னாத்தான தெரியும்!" என்றார் அக்கா. குரல் உயர்ந்ததில் அவரே திடுக்கிட்டார். ஆனால் நிறுத்தவில்லை. "ஆமா, நான் எத கேட்டேன்? நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட எத சொன்னிய? காலைல வாறிய, வேலையப் பாக்கிய, போறிய. போன மாசம் எங்க தங்கச்சி அவ பள்ளிக்கூடத்துக்கு என்னைய வேலைக்கு வரச் சொன்னா. இங்க யாருக்கு நான் வேணும்னு சரின்னுட்டேன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தங்கபுஷ்பம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"அக்கா, நான் எத கொண்டுவந்தாலும் சரிம்மான்னுதான் சொல்றீங்க. அன்னைக்குப் பதினொரு நாள்னு காட்டினேன். அண்ணாச்சி குழு எப்பவும் இப்படித்தான் ஏசிக்கிடும்னு உங்களுக்கு வருசக்கணக்காத் தெரியும். தெரியும்ல? ஏன் சொல்லல?"

"நீ கஷ்டப்பட்டுச் செஞ்சது... சங்கடப்படுவியேன்னு..."

"சங்கடப்பட்டா என்னக்கா? படட்டுமே! சொல்லிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும்ல?"

மேசையில் இருந்த பெட்டி அதிர்ந்தது. நான்தான் மேசையைத் தட்டியிருக்கிறேன். அக்காவின் கண் நிறைந்திருந்தது. ஆனால் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதாட்டி?" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"இல்லக்கா. பையில ஒரு லெட்டர் இருக்கு. அதுக்கு நீங்க என்னை ஏசணும்."

"ஏ கோட்டிக்காரி, அதுக்கு இன்னொரு அரைமணி" என்று அண்ணாச்சி கடிகாரத்தைத் திருகினார். தங்கபுஷ்பம் எங்கள் மூவரையும் ஏசிக்கொண்டே ரொட்டி பாக்கெட்டைப் பிரித்தார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

அறையில் யாரையும் ஏசாமல் உட்கார்ந்திருந்தது லிங்கதுரை மட்டும்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம். ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டு, டீ போட எழுந்தார்.